ஷுல்ட்ஸின் படத்தொகுப்பு எச்சிங்கா, கிளிஷே வேரா? (இழை சுவரோவியம் வரை நீண்டுவிட்டது)

மசிக்கோடு:
போலிஷ் எழுத்தாளரும் ஓவியருமான ப்ரூனோ ஷுல்ட்ஸின் 1920-22 காலப் படத்தொகுப்பைப் பற்றிக் கேட்கிறேன். பெண்கள் கட்டிலிலும் அரியணையிலும் இருக்க, ஆண்கள் காலடியில் தவழ்வார்கள். அவர்களில் ஒருவனுக்கு ஷுல்ட்ஸின் முகமே இருக்கும். இணையத்தில் பாதி இடத்தில் இதை 'எச்சிங்' (அமிலத்தால் தகட்டை அரித்து மசியில் எடுக்கும் அச்சு) என்று போட்டிருக்கிறார்கள், மீதி இடத்தில் 'கிளிஷே வேர்'. தமிழில் படக்குறிப்பு எழுத வேண்டும். எது சரி? தலைப்பை 'சிலை வழிபாட்டு நூல்' என்று வைக்கலாமா?

இருட்டறை:
எச்சிங் இல்லை. இதுக்கு யாரையும் தேடிப் போக வேண்டாம், ஷுல்ட்ஸே எழுதி வச்சிருக்கார். 1934-ல ஸெனான் வஷ்னியெவ்ஸ்கிங்கிற ஓவிய நண்பருக்கு எழுதின கடிதத்துல முறையை விளக்குறார். கண்ணாடித் தகட்டு மேல கறுப்பு ஜெலட்டின் படலம். அதுல ஊசியால வரையணும். கிடைக்கிறது ஒளி ஊடுருவுற நெகட்டிவ். அதை ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரியே பிரிண்டிங் ஃபிரேம்ல வச்சு, ஒளியுணர் தாள்ல பதிச்சு, டெவலப் பண்ணி, ஹைப்போல (படத்தை நிலைக்க வைக்கிற கரைசல்) போட்டு, கழுவணும். செலவும் அதிகம், வேலையும் அதிகம், நிறைய பிரதி எடுக்க ஒத்துவராதுன்னும் அவரே சொல்லிடுறார்.

அதாவது மசியே கிடையாது. செப்புத் தகடு, அமிலம், அச்சு உருளை எதுவும் இல்ல. எச்சிங்னு போட்டா தப்பு. 'கண்ணாடித் தகட்டு ஒளியச்சு (கிளிஷே வேர்)'னு போடுங்க.

கையில அசல் கிடைச்சா கண்டுபிடிக்கிறது சுலபம். எச்சிங்னா தகட்டோட விளிம்பு தாள்ல பள்ளமா பதிஞ்சிருக்கும். விளக்கைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சா கோடு மேல மசி மேடு தெரியும். கிளிஷே வேர்ல ரெண்டுமே இருக்காது, தாள் வழவழன்னு ஃபோட்டோ மாதிரி இருக்கும். ரொம்பக் கறுப்பான இடத்துல, குறிப்பா ஓரத்துல, வெள்ளி பூத்த மாதிரி நீலச் சாம்பல் பளபளப்பு வரும். மிச்சம் இருந்த ஹைப்போவால பழுப்பேறும். இது ரெண்டும் வெள்ளி உப்புத் தாளோட நோய், மசிக்கு வராது.

மசிக்கோடு:
நன்றி. ஆனால் ஒரு குழப்பம். ஊசியால் கீறிய இடம்தானே வெளிச்சமாக வரும்? ஷுல்ட்ஸின் படங்களில் கோடு கறுப்பாக இருக்கிறதே.

இருட்டறை:
கறுப்பு அட்டையில சுரண்டி வரையற ஓவியத்தை மனசுல வச்சுக் கேக்குறீங்க. இது அதுக்கு நேர் எதிர். கீறின இடத்துல ஜெலட்டின் போயிடுது, அந்த வழியா ஒளி தாள்ல விழுது, தாள் கறுக்குது. கீறாம விட்ட இடம் ஒளியை மறைக்குது, தாள் வெள்ளையாவே நிக்குது. தகட்டுல வெள்ளைக் கோடு, தாள்ல கறுப்புக் கோடு.

இதைப் புரிஞ்சிக்கிட்டு அந்தப் படங்களைத் திரும்பப் பாருங்க. நிறைய இரவுக் காட்சி. பின்னாடி வீடு, சந்து, வானம் எல்லாம் இருட்டு. அந்த இருட்டு மொத்தமும் ஊசியால நெருக்கி நெருக்கிக் கீறியோ, படலத்தைத் தேய்ச்சு எடுத்தோ வந்தது. பெண்ணோட கால் வெள்ளையா ஜொலிக்குதே, அங்கதான் அவர் கையே வைக்கல. உழைச்சது பூரா இருட்டுக்குத்தான்.

செஞ்சு பாக்கணும்னா:

பழைய கண்ணாடி ஃபோட்டோ பிளேட் கிடைச்சா நல்லது. அதை முழு வெளிச்சத்துல காட்டி, டெவலப்பர்ல முழுக் கறுப்பு ஆகுற வரை விட்டு, ஹைப்போ போட்டு, அரை மணிக்குக் குறையாம கழுவி, தூசி இல்லாத இடத்துல நிமிர்த்தி வச்சுக் காய விடணும். பிளேட் கிடைக்கலன்னா, 2 மி.மீ. கண்ணாடியை நல்லா எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைச்சு, ஜெலட்டின் கரைசல்ல இந்தியன் இங்க் கலந்து மெல்லிசா ஊத்தலாம். மெழுகுவர்த்திப் புகைக்கரி பிடிச்சும் செய்யலாம், ஆனா கை பட்டாலே அழிஞ்சிடும்.

ஊசி: தையல் ஊசியை மரப்பிடியில சொருகினா போதும். கோணம் சாய்வா இருக்கணும். நிமிர்த்திப் பிடிச்சா கண்ணாடியையே கீறிடும், அந்தக் கீறலும் பிரிண்ட்ல தெரியலாம்.

வரையும்போது எப்படி வரும்னு தெரியாது, ஏன்னா பாக்குறது நெகட்டிவ். படலத்து மேல லேசா வெள்ளைப் பவுடர் தேய்ச்சு, கீழ கறுப்புத் துணி விரிச்சுப் பாத்தா, கீறின கோடு கறுப்பாத் தெரியும். பிரிண்ட் எடுக்குறதுக்கு முன்னாடி பவுடரை மெல்லிய தூரிகையால சுத்தமா எடுத்திடணும், கோட்டுக்குள்ள அடைச்சா கோடு விட்டு விட்டு விழும்.

பிரிண்ட்: ஃபிரேம்ல படலப் பக்கம் தாளைத் தொடுற மாதிரி வச்சா கோடு கூர்மையா வரும், ஆனா படம் இடவலமா மாறிடும். கையெழுத்துப் போடணும்னா தகட்டுல திருப்பித்தான் எழுதணும். கண்ணாடிப் பக்கம் தாளைத் தொட்டா மாறாது, ஆனா கண்ணாடித் தடிமன் வழியா ஒளி பரவி கோடு தடிச்சு மங்கும். வெளிச்சத்துக்கு முதல்ல ஒரு துண்டுத் தாள்ல 2, 4, 8, 16 விநாடின்னு பாத்துக்கணும். ஃபைபர் தாள்னா (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஃபோட்டோ தாள்) டெவலப்பர்ல ஒன்றரை முதல் ரெண்டு நிமிஷம். அவசரப்பட்டு முன்னாடியே எடுத்தா கறுப்பு கறுப்பா வராது, சேறு மாதிரி நிக்கும். கழுவுறது குறைஞ்சது ஒரு மணி நேரம்.

கெட்டுப் போற இடம் பெரும்பாலும் ஈரப்பதம். காத்து ரொம்ப வறண்டிருந்தா ஜெலட்டின் சில்லு சில்லாப் பெயர்ந்து கோட்டு ஓரம் ரம்பம் மாதிரி ஆகும். கடலோர ஊர் மழைக்காலம்னா படலம் இளகி, ஊசியோட தோல் மாதிரி உரிஞ்சு வரும். தப்பாக் கீறிட்டா ஸ்டூடியோவுல நெகட்டிவ் டச்சிங்குக்கு வைக்கிற மசியால அடைச்சிடலாம். எச்சிங்ல அமிலம் அரிச்சப்புறம் இவ்வளவு சுலபமாத் திருத்த முடியாது.

சுவடிக்கட்டு:
@இருட்டறை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இத்தொகுப்புக்கு இறுதி வடிவம் என்று ஒன்று இல்லை. ஷுல்ட்ஸ் பிரிண்டுகளை அட்டையில் ஒட்டி, உறையிட்டு, தலைப்புப் பக்கத்தைக் கையால் எழுதி, நண்பர்களுக்குக் கொடுத்தார், விற்றார். கட்டுக்குக் கட்டு படங்களின் எண்ணிக்கையும் வரிசையும் மாறும். ஆகவே 'தொகுப்பின் 7ஆம் படம்' என்றெல்லாம் எழுதாதீர்கள். எந்த அருங்காட்சியகத்துப் பிரதி என்று குறிப்பிடுவதே முறை. அவருடைய ஓவியங்களின் பெரும்பகுதி வார்சாவிலுள்ள ஆதாம் மிட்ஸ்கியெவிச் இலக்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படும் ஒரே எண்ணெய் வண்ண ஓவியமான 'சந்திப்பு' (1920) அங்கேதான் உள்ளது. சந்தில் ஒரு யூத இளைஞன் இரு பெண்களுக்கு முன் குனிந்து நிற்கும் படம் அது.

தலைப்புக்கு வருகிறேன். 'சிலை வழிபாட்டு நூல்' வேண்டாம். தமிழில் சிலை வழிபாடு என்றால் யாருக்கும் நெருடாது, கோயிலுக்குப் போவதுதான் நினைவுக்கு வரும். போலிஷ் சொல்லில் விலக்கப்பட்டதைச் செய்கிறோம் என்ற உறுத்தல் இருக்கிறது. பத்துக் கட்டளைகளின் வாடை அது. நம்மிடம் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, தமிழ் விவிலியம் கொடுத்தது: விக்கிரகாராதனை. 'விக்கிரகாராதனை நூல்' என்றால் பாவமும் பக்தியும் சேர்ந்தே ஒலிக்கும். மேலும் 'நூல்' என்ற சொல்லை ஷுல்ட்ஸ் அன்றைய வழக்கப்படி எழுதவில்லை, பழைய எழுத்துமுறையில், முதலெழுத்தை மாற்றி எழுதினார். சுவடித் தோரணை வேண்டுமென்றே வைத்தது. அதைத் தமிழில் காட்ட நினைத்தால் 'பொத்தகம்' என்று எழுதிப் பார்க்கலாம், ஆனால் வாசகர் அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்.

ஊர்ப் பெயர் 'ட்ரோஹோபிச்' அல்ல, 'த்ரோஹோபிச்'. ஸ்லாவிய மொழிகளின் அந்த ஒலி பல்லில் நாப்படப் பிறப்பது. நம்மிடம் தகரம் இருக்க டகரம் எதற்கு?

வழிப்போக்கன்:
ஆளைப் பற்றி நாலு வரி யாராவது போட்டால் என்னைப் போன்றவர்களும் தொடரலாம்.

சுவடிக்கட்டு:
1892 ஜூலை 12, த்ரோஹோபிச்சில் பிறந்தார். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா, இன்று உக்ரைனின் லிவிவ் மாகாணம். தந்தை யாகுப் துணிக்கடைக்காரர். 1910 முதல் லிவிவ் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக் கலை பயின்றார், நோயும் முதல் உலகப் போரும் இடையிட்டதால் பட்டம் பெறவில்லை. அந்தப் போரில் சந்தைச் சதுக்கத்திலிருந்த குடும்ப வீடும் கடையும் எரிந்தன, 1915-ல் தந்தை இறந்தார். பிற்காலக் கதைகளில் பறவை வளர்ப்பவராகவும் தையல் பொம்மைகளைப் பற்றி உபதேசம் செய்பவராகவும் வரும் தந்தை, எரிந்துபோன அந்தக் கடைக்குள்தான் உலவுகிறார்.

1924 முதல் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் ஓவியமும் கைத்தொழிலும் கற்பித்தார். வகுப்பு அவருக்குச் சுமை. அரங்கேற்றமும் சுமைதான்: 1928-ல் த்ருஸ்காவியெட்ஸ் என்ற நீரூற்றுச் சுகவாச ஊரில் நடந்த கண்காட்சியை ஆபாசம் என்று ஒரு செனட்டர் மூடச் சொன்னார், மூடவில்லை. 1930 வாக்கில் தெபோரா ஃபோகல் என்ற கவிஞருக்கு எழுதிய கடிதங்களின் பின்குறிப்புகளாகக் கதைகள் முளைத்தன. நாவலாசிரியர் ஸோஃபியா நவ்கோவ்ஸ்கா கைகொடுக்க, முதல் தொகுப்பு வெளியாயிற்று. இரண்டாவது தொகுப்பு 1937, அவருடைய சொந்தப் படங்களோடு. 1938-ல் போலிஷ் இலக்கியக் கழகத்தின் பொன் வாகை விருது. 1936-ல் போலிஷில் வந்த காஃப்காவின் 'விசாரணை' மொழிபெயர்ப்பில் அவர் பெயர் இருந்தாலும், செய்தவர் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த யூஸெஃபினா ஷெலின்ஸ்கா. இதைத் தமிழில் எழுதும் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது.

1942 நவம்பர் 19-ல் சொந்த ஊர்த் தெருவில் கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) ஆள் சுட்டுக் கொன்றான். வயது 50.

மசிக்கோடு:
கதைத் தொகுப்புகளின் தலைப்பையும் இங்கேயே முடித்துவிடலாமா? முதல் தொகுப்பு 'இலவங்கப்பட்டைக் கடைகள்'. பட்டை விற்கிற கடைகள் இல்லையே அவை?

சுவடிக்கட்டு:
இல்லை. சுவர்களில் அடித்திருந்த கருமையான மரப்பலகைகளின் நிறத்தை வைத்து, கதைசொல்லி அந்தக் கடைகளுக்கு இட்ட பெயர் அது. உள்ளே கிடைப்பவை வாணவேடிக்கைப் பொருள்கள், அயல்நாட்டுத் தபால்தலைகள், அபூர்வப் புத்தகங்கள். 'இலவங்கப்பட்டைக் கடைகள்' என்றதும் தமிழ் வாசகர் மூக்கில் பிரியாணி வாசம்தான் ஏறும். 'பட்டைநிறக் கடைகள்' என்பது என் பரிந்துரை. ஆங்கிலத்தில் இதே தொகுப்பு வேறொரு கதையின் பெயரில், 'முதலைகளின் தெரு' என்று வெளியானது. இரண்டும் இரண்டு புத்தகம் என்று நினைத்துப் பட்டியல் போடுகிறவர்கள் உண்டு.

இரண்டாம் தொகுப்புதான் சிக்கல். 'மணற்கடிகாரம் குறியிட்ட சானடோரியம்' (நோயாளிகள் தங்கித் தேறும் விடுதி) என்பது நேர்பொருள். ஆனால் போலிஷில் அந்தக் கடிகாரச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: இறந்தவர் பெயர், வயது, அடக்கம் நடக்கும் நேரம் எல்லாம் அச்சிட்டுச் சுவரில் ஒட்டும் தாள். நம் ஊர்த் தெருமுனையில் ஒட்டுகிறோமே, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, அதேதான். கதையில் தந்தை ஊரில் இறந்தவர், சானடோரியத்தில் மட்டும் காலத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பதால் உயிரோடிருப்பவர். காலமும் சாவும் ஒரே சொல்லில் அடங்கிய தலைப்பு அது. ஆங்கிலத்தால் இரண்டாம் பொருளைக் கொண்டுவர முடியவில்லை. தமிழில் 'காலமானார்' என்ற சொல் கைவசம் இருக்கிறது, காலம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் யாராவது அந்தத் திசையில் முயன்று பார்க்கலாம்.

வழிப்போக்கன்:
சரி, அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. நாஜி அதிகாரி வீட்டுச் சுவரில் படம் வரைந்து பிழைத்தவர் என்கிறார்கள். சோவியத் காலத்தில் ஸ்டாலின் படமும் வரைந்தாராம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சுவடிக்கட்டு:
எந்த நிலையில் வரைந்தார் என்பதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியர் வந்து சில நாளில் விலகினர், அம்மாதக் கடைசியிலேயே ஊர் சோவியத் வசமாயிற்று. ஓவிய ஆசிரியர் என்றால் தலைவர்களின் படமும் பதாகையும் வரைந்தாக வேண்டும். 1941 ஜூலையில் ஜெர்மானியர் மறுபடி நுழைந்தனர். பள்ளி வேலை போயிற்று, யூதர் என்று காட்டும் கைப்பட்டை கட்டாயமாயிற்று, பிறகு ஃப்ளோரியன்ஸ்கா தெரு வீட்டை விட்டு, யூதர்களை அடைத்து வைத்த பகுதியான கெட்டோவுக்குள் ஒடுங்க வேண்டியதாயிற்று. உழைக்க லாயக்கில்லை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் சாவுக்கு அனுப்பப்பட்ட ஊர் அது. யூத உழைப்பாளிகளைப் பங்கிடும் அதிகாரம் கெஸ்டபோவின் ஃபீலிக்ஸ் லண்டாவ் கையில். வியன்னாக்காரன், மரவேலை தெரிந்தவன், சுட்டுக் கொன்றதையும் காதலிக்குக் கடிதம் எழுதியதையும் ஒரே நாட்குறிப்பில் எழுதி வைத்தவன். அவன் ஷுல்ட்ஸைத் 'தேவையான யூதர்' ஆக்கிக்கொண்டான். கூலி என்று தனியாக எதுவுமில்லை. உணவும், அன்றைக்குக் கொல்லப்படாமல் இருப்பதும்தான் கூலி.

வேலைகள்: லண்டாவின் மாளிகையில் குழந்தையின் அறைச் சுவர்கள், கெஸ்டபோ காசினோவிலும் குதிரையேற்றக் கூடத்திலும் சுவரோவியங்கள். இன்னொரு வேலை புத்தகங்கள். பறிமுதல் செய்த நூலகங்களைக் கொண்டுவந்து குவித்த இடத்தில், இஸிதோர் ஃப்ரீட்மன் என்ற நண்பரோடு சேர்ந்து தரம் பிரித்துப் பட்டியலிட்டார். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அந்தப் பட்டியல்தான் சொல்லும். வாழ்நாளெல்லாம் 'நூல்' என்ற ஒன்றையே தேடிய எழுத்தாளருக்குக் கடைசியாக வாய்த்த அலுவலகம் இது.

இருட்டறை:
லண்டாவ் என்ன ஆனான்?

சுவடிக்கட்டு:
போருக்குப் பின் பிடிபட்டுத் தப்பினான். மறுபடி பிடிபட்டு, 1962-ல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை. 1973-ல் மன்னித்து விடுவித்தார்கள். 1983-ல் இறந்தான்.

மசிக்கோடு:
"நீ என் யூதனைக் கொன்றாய், நான் உன் யூதனைக் கொன்றேன்" என்று சுட்டவன் சொன்னதாக எல்லாரும் எழுதுகிறார்களே, அதை அப்படியே போடலாமா?

சுவடிக்கட்டு:
போடலாம், ஆனால் 'என்று சொல்லப்படுகிறது' என்ற வாலோடு.

அடுக்கடுக்காகப் பிரித்துக் கொள்ளுங்கள். நாள், ஊர், தெருவில் சுடப்பட்டது: இவற்றில் ஐயமில்லை. அன்றைய தினத்துக்கு ஊரில் 'கறுப்பு வியாழன்' என்றே பெயர். ஒரு கெஸ்டபோ ஆள் காயம்பட்டதற்குப் பழிவாங்கலாகத் தெருவில் கண்ணில் பட்ட யூதர்களைச் சுட்டுத் தள்ளிய நாள் அது. சுட்டவன் கார்ல் குந்தர் என்பது சாட்சியங்களின் அடிப்படையில் பரவலாக ஏற்கப்பட்டது. லண்டாவ் முன்னதாக குந்தரின் பாதுகாப்பிலிருந்த பல் மருத்துவரைக் கொன்றான், அதற்குப் பழியாக குந்தர் ஷுல்ட்ஸைக் கொன்றான் என்பது அடுத்த அடுக்கு. அந்த வாக்கியம் கடைசி அடுக்கு, வாய்வழி வந்தது. பழிக்குப் பழியா, அன்றைய வெறியாட்டத்தில் எதிரே அகப்பட்டதாலா என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. போலி அடையாளத் தாள்களோடு வார்சாவுக்குத் தப்ப ஏற்பாடாகியிருந்தது, வழிக்கு ரொட்டி வாங்கப் போனபோது அகப்பட்டார் என்பதும் சாட்சியம்தான்.

யூதக் கல்லறையில் புதைத்ததாக ஃப்ரீட்மன் சொன்னார். இன்று அந்த இடத்தை அடையாளம் காண முடியாது.

இவற்றையெல்லாம் திரட்டியவர் போலிஷ் கவிஞர் யெஷி ஃபிட்சோவ்ஸ்கி. 1942-ல் இளைஞனாக ஷுல்ட்ஸைப் படித்து மயங்கிக் கடிதம் எழுதினார், அதே ஆண்டில் அவர் ரசித்த எழுத்தாளர் கொல்லப்பட்டார். பிறகு வாழ்நாள் முழுதும் கடிதம், படம், நேரில் பார்த்தவர் என்று தேடிக்கொண்டே இருந்தார். நமக்குக் கிடைக்கும் வாழ்க்கை வரலாறு ஏறக்குறைய முழுதும் அவர் வலை வீசிப் பிடித்தது. வலையின் கண் எவ்வளவு பெரிது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காரைச்சுவர்:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். சுவர் பேச்சு வந்ததால் உள்ளே நுழைந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். எல்லாரும் 'ஃப்ரெஸ்கோ' என்கிறார்கள், அப்படிச் சொல்லக் கூடாது. ஃப்ரெஸ்கோ என்றால் ஈரச் சுண்ணாம்புக் காரை மேல் நிறமியைத் தண்ணீரில் குழைத்துத் தீட்டுவது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது நிறமியும் கல்லோடு கல்லாகிவிடும். ஷுல்ட்ஸ் வரைந்தது காய்ந்த சுவரில். காய்ந்த சுவரில் நிறத்தைப் பிடித்து வைப்பது பசைதான். அது பால்புரதப் பசையோ (கேசின்), தோல் பசையோ, எதுவாக இருந்தாலும் பசை செத்தால் நிறம் பொடியாக உதிரும்.

2001 பிப்ரவரியில் ஜெர்மன் ஆவணப்பட இயக்குநர் பெஞ்சமின் கைஸ்லர் தேடிப் போய்க் கண்டுபிடித்தபோது, அந்தக் குழந்தை அறை சாமான் வைக்கும் சிற்றறையாகி இருந்தது. சுவரில் அலமாரித் தட்டு, மேலே பிற்காலப் பெயின்ட். ஷுல்ட்ஸின் மாணவர் ஆல்ஃப்ரெட் ஷ்ரையர் இடத்தை அடையாளம் காண உதவினார். பெயின்டுக்கு அடியிலிருந்து இளவரசி, குள்ளர்கள், குதிரைவண்டி என்று தேவதைக் கதை உருவங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

அதே ஆண்டு மே மாதம் ஜெருசலேமிலுள்ள யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேமின் ஆட்கள் வந்து ஐந்து துண்டுகளைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். உக்ரைனிலும் போலந்திலும் பெரிய கூச்சல். மீதித் துண்டுகள் த்ரோஹோபிச் அருங்காட்சியகத்துக்குப் போயின.

வழிப்போக்கன்:
சுவரோவியத்தை எப்படிப் பெயர்ப்பது? அறுத்து எடுப்பார்களா?

காரைச்சுவர்:
பொதுவாக மூன்று வழி. ஓவியத்தின் மேல் மெல்லிய தாளும் வலைத்துணியும் பசை தடவி ஒட்டுவது மூன்றுக்கும் பொது.

ஒன்று, நிறத் தோலை மட்டும் உரிப்பது. விலங்குப் பசை காயும்போது சுருங்கும், அந்தச் சுருக்கமே நிறப் படலத்தைச் சுவரிலிருந்து பிய்த்துவிடும். துணியை மேலிருந்து சுருட்டிக்கொண்டே வரலாம். அசல் ஃப்ரெஸ்கோவுக்குச் சரி. காய்ந்த சுவர் ஓவியத்துக்கு ஆபத்து, ஏனென்றால் ஒட்டுகிற பசையிலுள்ள தண்ணீர் ஓவியத்தின் பசையையும் இளக்கும். பிறகு துணியை எடுக்க வெந்நீர் விடும்போது பாதி நிறம் துணியோடு போய்விடும்.

இரண்டு, காரையோடு சேர்த்து எடுப்பது. ஒட்டிய பிறகு பின்னால் நீள உளி செலுத்திக் காரையைச் செங்கல்லிலிருந்து பிரிப்பார்கள். எடை ஏறும், காரை உள்ளே வெடித்திருந்தால் வழியிலேயே பாளம் உடையும். ஒட்டுவதற்குத் தண்ணீரில் கரையாத அக்ரிலிக் பிசின் வேண்டும்.

மூன்று, சுவரையே அறுத்தெடுப்பது. வீட்டில் ஆள் குடியிருந்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எதைச் செய்தாலும் துண்டின் விளிம்பில் சில சென்டிமீட்டர் அழியும். அதைவிடப் பெரிய இழப்பு, எந்த உருவம் எந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஜன்னல் எந்தப் பக்கம், குழந்தையின் கட்டிலிலிருந்து எது கண்ணில் பட்டது என்ற அறைக்கணக்கு. பெயர்ப்பதற்கு முன் எல்லாச் சுவர்களையும் அளவுகோலோடு படமெடுத்து வரைபடமாக்குவது அதனால்தான் முதல் வேலை. படமே எடுக்காமல் பெயர்க்கலாமா என்று கேட்டால் எந்தப் பராமரிப்பாளரும் கையெடுத்துக் கும்பிடுவார்.

வழிப்போக்கன்:
யாருக்குச் சொந்தம் என்று தீர்ந்ததா?

சுவடிக்கட்டு:
2008-ல் உடன்பாடு. உடைமை உக்ரைனுடையது, துண்டுகள் 20 ஆண்டுக் கடனாக யாத் வஷேமில் இருக்கும். 2009 பிப்ரவரி முதல் அங்கே காட்சிக்கு உள்ளன. ஆக 2028-ஐ ஒட்டி இந்தப் பேச்சு மறுபடி கிளம்பும். என் கட்சி: ஷுல்ட்ஸ் கொல்லப்பட்ட ஊரில் அது சாமான் அறைக்குள் ஏறக்குறைய அறுபது ஆண்டு மறைந்து கிடந்தது என்பது உண்மை. அதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனதை நியாயப்படுத்த முடியாது என்பதும் உண்மை. ஒரே சுவர் இரண்டு நாடுகளில் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காரைச்சுவர்:
ஜெருசலேமில் உள்ள துண்டுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குதிரைவண்டிக்காரன். கையில் கடிவாளம். முகம் ஷுல்ட்ஸின் முகம். யூதர்கள் வண்டியில் ஏறவே தடை இருந்த காலத்தில், கெஸ்டபோ அதிகாரியின் பிள்ளை தூங்கும் அறையில், வண்டியோட்டியாகத் தன்னை உட்கார வைத்திருக்கிறார்.

சுவடிக்கட்டு:
அந்த வண்டிக்கு முன்கதை உண்டு. 1935-ல் ஓவியர்-எழுத்தாளர் விட்கியெவிச்சுக்கு எழுதிப் பத்திரிகையில் வெளியான கடிதத்தில் ஷுல்ட்ஸ் சொல்கிறார்: ஒழுங்காகப் பேசப் பழகுமுன்பே கிடைத்த தாளிலெல்லாம் குதிரைவண்டி வரைந்தாராம். ஆறேழு வயதில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி: கூண்டு வைத்த வண்டி, எரியும் விளக்குகள், இரவுக் காட்டிலிருந்து வெளிப்படுவது. தன் கற்பனையின் இரும்பு முதலீடு அதுதான் என்கிற பொருளில் எழுதுகிறார்.

இருட்டறை:
அப்போ ஆறு வயசுலயும் வண்டி, அம்பதுலயும் வண்டி.

ஒரு சந்தேகம். காணாமப் போன நாவல் 'மெசியா' எப்பவாவது கிடைக்குமா?

சுவடிக்கட்டு:
1942-ல் கையெழுத்துப் படிகளையும் ஓவியங்களையும் கட்டுகளாகக் கட்டி, கெட்டோவுக்கு வெளியே இருந்தவர்களிடம் ஒப்படைத்தார். ஓவியக் கட்டுகளில் சில பிற்காலத்தில் வெளிவந்தன. எழுத்துக் கட்டு வரவில்லை. இரண்டாம் தொகுப்பிலுள்ள 'நூல்', 'மேதைமைக் காலம்' ஆகிய இரு கதைகளும் 'மெசியா'வுக்காக எழுதியவை என்று கருதப்படுகிறது, நாவலின் சுவை வேண்டுவோர் அங்கே போகலாம். ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மன்னுக்கு அனுப்பிய ஜெர்மன் கதையும் இல்லை. தெபோரா ஃபோகலுக்கு எழுதிய கடிதங்களும் இல்லை. ஃபோகல் 1942 ஆகஸ்டில் லிவிவ் கெட்டோவில் கொல்லப்பட்டார். முதல் தொகுப்பின் மூலவித்து அந்தக் கடிதங்கள்தான்.

ஆனால் 2019-ல் ஒன்று கிடைத்தது. லெஸ்யா ஹோமிச் என்ற உக்ரைனிய ஆய்வாளர், லிவிவ் ஆவணக் காப்பகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது, பக்கத்து எண்ணெய் நகரமான பொரிஸ்லாவில் எண்ணெய்த் தொழில் அலுவலர்களுக்காக வெளிவந்த 'ஷ்வித்' இதழில், 1922 ஜனவரி 15 தேதியிட்டு, 'மார்செலி வெரோன்' என்ற பெயரில் 'உந்துலா' என்ற கதை. விக்கிரகாராதனைப் படங்களில் வரும் பெண்ணின் அதே பெயர், படுக்கையிலிருந்து ஏங்கும் அதே ஆண். ஷுல்ட்ஸ் என்று ஆய்வாளர்கள் ஏற்றிருக்கிறார்கள். முப்பதுகளில்தான் எழுத வந்தார் என்ற பாடம் இதோடு மாறிவிட்டது. படமும் கதையும் ஒரே காலத்தில் ஓடியிருக்கின்றன. யாரும் இலக்கியம் தேடாத தொழிற்சங்க இதழில் இருந்ததால்தான் இத்தனை நாள் அகப்படவில்லை. எண்ணெய்க் கிணற்று ஊர்ப் பத்திரிகைகளை இன்னும் முழுக்கப் படித்தாகவில்லை.

மசிக்கோடு:
படக்குறிப்பை இப்படி வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'ப்ரூனோ ஷுல்ட்ஸ், "விக்கிரகாராதனை நூல்" தொகுப்பிலிருந்து, 1920-22 வாக்கில். கண்ணாடித் தகட்டு ஒளியச்சு (கிளிஷே வேர்), அட்டையில் ஒட்டியது.' கீழே பிரதி உள்ள அருங்காட்சியகத்தின் பெயர்.

வாழ்க்கைக் குறிப்பில் முதல் தொகுப்பு 1934 என்று போட்டிருக்கிறேன்.

சுவடிக்கட்டு:
படக்குறிப்பு சரி. ஆண்டைத் திருத்துங்கள். புத்தகம் கடைக்கு வந்தது 1933 டிசம்பர், அட்டையில் அச்சானது 1934. இரண்டையும் போட்டுவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இருட்டறை:
படம் போடும்போது வெள்ளி பூத்த ஓரத்தை வெட்டிடாதீங்க. ஸ்கேன்ல அழுக்கு மாதிரி தெரியும், லேஅவுட் பண்றவர் கண்டிப்பா வெட்டப் பாப்பார்.